எந்தப் பக்கம் என்று கேட்ட மாமி

மாமியிடம் எதைச் சொன்னாலும் முதலில் ஒரே கேள்விதான் வரும். "எந்தப் பக்கம்?"

பல் வலிக்கிறது என்றால் எந்தப் பக்கம் என்பார். அது நியாயம். கிழக்கேகோட்டையில் பஸ் நிற்காமல் போய்விட்டது என்றாலும், "நீங்கோ எந்தப் பக்கம் நின்னேள்?" என்பார். தெருவில் ஒரு வீட்டு அண்ணன் தம்பிகளுக்குள் பேச்சுவார்த்தை நின்றுவிட்டதாம் என்று ஒரு நாள் ஆசை ஆசையாக வம்பு சொல்லப் போனேன். கறிவேப்பிலை உருவிக்கொண்டே, "முதல்ல பேச்சை நிறுத்தினது எந்தப் பக்கம்?" என்றார். எனக்குத் தெரியவில்லை. "தெரியாதுன்னா சொல்லவாண்டாம்" என்று வம்பை என்னிடமே திருப்பிக் கொடுத்துவிட்டார்.

மாமி எக்ஸ்ரே எடுப்பவர். ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் இருபத்துநாலு வருஷமாக அதே வேலை. படம் எடுக்கும்போது உடம்புக்குப் பக்கத்தில் ஒரு சின்ன எழுத்தை வைக்க வேண்டுமாம். வலப்பக்கம் என்றால் ஆர், இடப்பக்கம் என்றால் எல். பிளாஸ்டிக் துண்டுக்குள் ஈயத்தில் பதித்த எழுத்து. ஆஸ்பத்திரி கொடுப்பதை நம்பாமல், வேலைக்குச் சேர்ந்த புதிதிலேயே மாமி சொந்தமாக ஒரு ஜோடி வாங்கி வைத்துக்கொண்டார். கைப்பையில் குங்குமச் சிமிழோடு அதுவும் கிடக்கும்.

"இது இல்லேன்னா படம் வெறும் எலும்பாக்கும். எந்தக் கால்னு ஆருக்குத் தெரியும்? டாக்டர் பாட்டுக்கு நல்ல காலைக் கொண்டுபோய் அறுத்துடுவார்" என்பார். சொல்லும்போது சிரிக்க மாட்டார்.

திருவனந்தபுரம் வலியசாலையில் அவர் வீட்டு மாடியில் நான் நாலு வருஷம் குடியிருந்தேன். சொந்த ஊர் நாகர்கோவில். கழக்கூட்டத்தில் கம்ப்யூட்டர் வேலை. மிச்ச நேரத்தில் இரண்டு நண்பர்களோடு ஒரு இணைய இதழ் நடத்திக்கொண்டிருந்தேன். நடத்தினேன் என்பது கொஞ்சம் பெரிய வார்த்தை. நாங்கள் மூன்று பேர் எழுதுவோம், மூன்று பேரும் படிப்போம், மூன்று பேரும் பாராட்டிக்கொள்வோம்.

அந்தச் சமயத்தில்தான் அந்தப் பாட்டுத் தொடர் வந்தது. பெயர் வேண்டாம். தமிழும் மலையாளமும் கலந்த தொடர், வாரம் ஒரு பகுதி. திருவனந்தபுரத்து அக்ரஹாரத்தில் ஒரு சங்கீதக் குடும்பம். அந்த வீட்டில் யாரும் யாருக்கும் பேச்சில் பதில் சொல்ல மாட்டார்கள், பாடித்தான் சொல்வார்கள். ஒரு வெள்ளிக்கிழமை நான் லேப்டாப்பில் அதைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, மோட்டார் போடுவதைப் பற்றிச் சொல்ல மாமி மாடிக்கு வந்தார். வாசலில் நின்றபடியே ஐந்து நிமிஷம் பார்த்தார்.

"அம்மா சாம்பார்ல உப்புப் போட்டாச்சான்னு கேட்டா. பிள்ளை ஆலாபனையை எடுத்துட்டான். பல்லவி வரச்சே சாம்பார் அடிப்பிடிச்சுடுமே, அதை ஆரு பாப்பா?"

நான் சிரித்த சிரிப்பில் லேப்டாப் மடியிலிருந்து நழுவிவிட்டது. அதை எழுதிக் கொடுங்கள் மாமி என்று பின்னாலேயே படியிறங்கிப் போனேன். "எனக்கு எழுத வராது" என்றார். மறுநாள் காலை படிக்கட்டின் கைப்பிடியில் ஒரு பழைய எக்ஸ்ரே உறை செருகியிருந்தது. அதன் பின்பக்கம் முழுக்கப் பென்சிலில் எழுதியிருந்தார்.

அதற்கப்புறம் ஒன்றரை வருஷம், வாரம் ஒரு உறை. 'முன்வரிசை' என்று புனைபெயர் வைத்துக்கொண்டார். யார் என்று ஒரு ஈ காக்கைக்கும் தெரியக்கூடாது என்பது நிபந்தனை. நான் தட்டச்சு செய்து, தொடரிலிருந்து ஒரு படத்தையும் வெட்டி ஒட்டி வெளியிடுவேன். மூன்று பேர் படித்த இதழை ஊரே படிக்க ஆரம்பித்தது.

எப்படி எழுதுவார் என்பதற்கு ஒரு சோறு பதம் போதும். கதாநாயகிக்குக் குரல் போய்விடுகிறது. ஆஸ்பத்திரிக் காட்சி. டாக்டர் ஒரு எக்ஸ்ரே படத்தை விளக்குக்கு எதிரே தூக்கிப் பிடித்து, தொண்டையில் ஒன்றுமில்லை, பயப்பட வேண்டாம் என்கிறார். மாமி எழுதினார்: "அவர்கள் பயப்படவில்லை. எனக்குத்தான் பயமாக இருந்தது. டாக்டர் கையில் இருந்தது முழங்கால் படம். அதையும் தலைகீழாகப் பிடித்திருந்தார். இந்தப் பெண் இத்தனை நாள் எதனால் பாடிக்கொண்டிருந்தாள் என்று இப்போதுதான் புரிகிறது."

இன்னொரு வாரம், வீணையை மீட்டினால் புல்லாங்குழல் சத்தம் வந்ததைப் பற்றி. வேறொரு வாரம், அனுபல்லவி தொடங்கினால்தான் பெய்யும் மழையைப் பற்றி. அந்த மழையை நம்பித் துணி உலர்த்தலாம், பாட்டுக்கு முன் எடுத்துவிடலாம் என்று எழுதினார். தெருவில் பஜனை மடத்துச் செகரட்டரி மாமா இதையெல்லாம் எல்லாருக்கும் போனில் அனுப்பிவைப்பார். மாமிக்கே அனுப்புவார். "கேட்டேளா மாமி, ஆரோ ஒருத்தன் என்னமா எழுதறான்!" என்பார். "அப்படியா, பாக்கறேன்" என்று மாமி முகத்தை வைத்துக்கொள்வதைப் பார்க்கவே நான் மாடியிலிருந்து இறங்கி வருவேன்.

அவர் அந்தத் தொடரைப் பார்க்கிற முறையே தனி. டியூட்டி முடிந்து மூன்று மணிக்கு வந்ததும் காப்பி. பிறகு சத்தத்தை அணைத்துவிட்டு ஒரு தடவை முழுக்கப் பார்ப்பார். அடுத்து சத்தத்தை வைத்துவிட்டு, கூடத்துத் தரையில் படுத்துக் கண்ணை மூடிக்கொண்டு ஒரு தடவை கேட்பார். "ரெண்டையும் சேத்து வச்சா ஒண்ணுக்கு ஒண்ணு கள்ளத்தனம் பண்ணும். தனித்தனியா விசாரிக்கணும்." போலீஸ்காரர் பேசுவது போல இருக்கும்.

இத்தனை கிண்டலுக்கும் ஒரு எல்லை வைத்திருந்தார். பாடுகிறவர் குரலை, நடிக்கிறவர் முகத்தைத் தொட மாட்டார். ஒரு முறை கட்டுரை சின்னதாக இருக்கிறதே என்று கதாநாயகியின் மூக்கைப் பற்றி நானே ஒரு வரி சேர்த்துவிட்டேன். படித்துவிட்டு மாமி மாடிக்கே வந்தார். அன்றைக்கு மட்டும் என்னை வழக்கம்போல எடிட்டர் சார் என்று கூப்பிடவில்லை.

"மூக்கு அவ கொண்டுவந்தது. அதை எதுக்குச் சிரிக்கணும்? கதை எழுதினவன், பாட்டைப் போட்டவன், படம் பிடிச்சவன், இவாளை விடவாண்டாம். அவா வேலையை அவா சரியாப் பண்ணலை. ஆனா ஒரு ஆளைக் காட்டிச் சிரிக்கறதுன்னா, சரியான ஆளாக்கும்னு உறப்பா, நிச்சயமாத் தெரியணும். இல்லேன்னா நல்ல காலை அறுத்த மாதிரி."

அந்த வரியை எடுத்துவிட்டேன். இப்படிப்பட்டவர்தான் ஒரு மிருதங்கக்காரரைப் பற்றி எழுதினார்.

தொடரில் ஒரு பஜனைக் கச்சேரி வந்தது. நடுவில் ஐந்தாறு விநாடிக்கு மிருதங்கம் வாசிப்பவர் மட்டும் தனியாகத் தெரிவார். மேலே சட்டை இல்லை, மார்பில் பூணூல். அந்தப் பூணூல் வலத்தோளில் கிடந்தது. பூணூல் எப்போதும் இடத்தோளில்தான் கிடக்கும். தர்ப்பணம், திவசம் என்று இறந்தவர்களுக்குச் செய்யும்போது மட்டும்தான் வலத்தோளுக்கு மாறும். வேறு யார் கண்ணுக்கும் இது பட்டிருக்காது. அக்ரஹாரத்தில் பிறந்து வளர்ந்த கண் முதலில் போய் நின்ற இடமே அதுதான். மேலும் அவர் மிருதங்கத்தையும் மாற்றி வைத்திருந்தார். வலக்கைப் பக்கம் இருக்க வேண்டிய, கறுப்புப் பொட்டுள்ள வலந்தலை இடக்கைக்கு வந்திருந்தது.

மாமி எழுதினார்: "பூணூலைப் பார்த்தால், இவர் கச்சேரிக்கு வந்தாரா, திவசத்துக்கு வந்தாரா தெரியவில்லை. மிருதங்கத்தைப் பார்த்தால், இரண்டுக்கும் வந்தவரில்லை. வழியில் போன யாரையோ பிடித்து உட்கார வைத்திருக்கிறார்கள்." அடுத்த பத்தியில் கடிகாரத்தைப் பிடித்துக்கொண்டார். சுவரில் எண் இல்லாமல் கோடு மட்டும் போட்ட கடிகாரம். "பாட்டுத் தொடங்கும்போது மணி நாலு பத்து. மிருதங்கக்காரர் வரும்போது ஏழு ஐம்பது. மறுபடி பாடகியைக் காட்டினால் நாலு பத்து. ஒரே சரணத்தில் மூன்று மணி நாற்பது நிமிஷம் போய்விட்டுத் திரும்பியும் வந்துவிட்டது."

நான் செய்த கைங்கரியம், அந்த மிருதங்கக்காரரின் படத்தை வெட்டி, பூணூலைச் சுற்றிச் சிவப்பில் ஒரு வட்டம் போட்டு ஒட்டியது. கட்டுரையைப் படித்தவர்களைவிட அந்தப் படத்தைப் பார்த்தவர்கள் அதிகம். யாரோ அதற்குக் கீழே 'திவச மிருதங்கம்' என்று எழுதிவிட்டார்கள். அது தனியாகக் கிளம்பி எங்கெங்கோ போயிற்று. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

மூன்று வாரம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை எனக்குப் போன் வந்தது. இதழில் என் எண் இருக்கும். மெதுவான, ரொம்ப மரியாதையான குரல்.

"எடிட்டர்தானே? நான் ஸ்ரீவராகத்துலேந்து பேசறேன். அந்த மிருதங்கம் வாசிச்சவன் நானாக்கும்."

திட்டப் போகிறார் என்று காத்திருந்தேன். அவர் திட்டவில்லை.

"எழுதினவர்மேல எனக்குக் கோபம் இல்லை. அன்னிக்கு அமாவாசை. அப்பா போய் முதல் வருஷம். கார்த்தால தர்ப்பணம் பண்ணிட்டு நேரே ஷூட்டிங் போனேன். பூணலைத் திரும்பச் சரியாப் போட்டுண்டேன்னுதான் ஓர்மை. ஆனா படத்துல மாறியிருக்கே. மறந்துட்டேன் போல இருக்கு. தப்புதான். பரிகாரம் என்னன்னு வாத்தியாரண்ட கேட்டிருக்கேன். ரெண்டு கல்யாணத்துக்கு வாண்டாம்னுட்டா. மங்கள காரியத்துக்கு அந்தப் பேர் உள்ள ஆளைக் கூப்பிட யோசனையா இருக்காம். வலியசாலை பஜனை மடத்து ராதா கல்யாண உற்சவத்துக்குப் பதினோரு வருஷமா நான்தான் வாசிக்கறேன். இந்த வருஷம் அவாளும் ஒண்ணும் பறயலை. அந்தப் படத்தை மட்டும் எடுத்துட முடியுமோ?"

படத்தை அப்போதே எடுத்தேன். அதற்குள் அது ஊர் சுற்றி முடித்திருந்தது. கீழே போய் மாமியிடம் சொன்னேன். தோசைக்கல் அடுப்பை அணைத்துவிட்டு நின்றபடியே கேட்டார்.

"வாசிக்கத் தெரிஞ்சவரா?"

"பதினோரு வருஷமா நம்ம மடத்துலயே வாசிக்காராம் மாமி. நீங்க பாத்ததில்லையா?"

"ராதா கல்யாணத்தன்னிக்கு எப்பவும் எனக்கு டியூட்டி. தூரத்துலேந்து ஒண்ணு ரெண்டு தடவை பாத்திருப்பேன், அவ்வளவுதான்." நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். "நடிக்க வந்த ஆளுன்னு நினைச்சேன். கேக்கலையே. எந்தப் பக்கம்னு எல்லாரையும் கேக்கறவ, இதைக் கேக்கலையே."

அவரே மறந்துவிட்டதாக ஒப்புக்கொள்கிறாரே, நாம் எழுதியது பொய்யில்லையே என்று நான் சமாதானம் சொன்னேன். என் மனதுக்கு அது வசதியாக இருந்தது. மாமி என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"பூணலை மறக்கலாம், செரி. இத்தனை வருஷம் வாசிச்ச கை மிருதங்கத்தை மாத்தி வச்சுண்டு வாசிக்க மறக்குமோ?"

லேப்டாப்பைக் கொண்டுவரச் சொன்னார். சத்தத்தை அணைத்துவிட்டு அந்த ஐந்தாறு விநாடியைத் திரும்பத் திரும்ப ஓட்டினார். நாலாவது தடவை கையை நீட்டித் திரையில் தெரிந்த சுவர்க் கடிகாரத்தைத் தொட்டார். பிறகு எழுந்து போய், தன் வீட்டுக் கடிகாரத்தை ஆணியிலிருந்து கழற்றி நாலு பத்துக்குத் திருப்பி வைத்து, முகம் பார்க்கும் கண்ணாடிக்கு எதிரே பிடித்தார். கண்ணாடியில் முட்கள் ஏழு ஐம்பதில் நின்றன.

"படத்தைத் திருப்பி மாட்டியிருக்கா" என்றார்.

எனக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆயிற்று. மிருதங்கக்காரர் பாடகியைப் பார்ப்பது போல இருக்கட்டும் என்று, எடிட்டிங்கில் அந்தத் துண்டை மட்டும் கண்ணாடியில் தெரிவது போல இடவலமாகத் திருப்பிவிட்டார்கள். அதனால் பூணூல் தோள் மாறியது, மிருதங்கம் பக்கம் மாறியது, கடிகாரம் மணி மாறியது. கடிகாரத்தையும் பூணூலையும் மாமி ஒரே கட்டுரையில் அடுத்தடுத்த பத்தியில் எழுதியிருக்கிறார். இரண்டையும் பார்த்துச் சிரித்திருக்கிறார். சேர்த்துப் பார்க்கவில்லை.

"இருபத்துநாலு வருஷம்" என்றார். "திருப்பி மாட்டின படம்னா தூக்கத்துல எழுப்பிக் காட்டினாலும் சொல்லுவேன். எழுதினது நன்னா வந்துடுத்துன்னு ஒரு சந்தோஷம் பாருங்கோ, அதுல கண்ணு போயிடுத்து."

போனில் சொல்லலாம் என்றேன். கேட்கவில்லை. புடவையை மாற்றிக்கொண்டு, லேப்டாப்பை என் தோளில் மாட்டிவிட்டு, ஆட்டோவில் ஸ்ரீவராகத்துக்குக் கிளம்பிவிட்டார். வழியில் பழவங்காடியில் இறங்கிப் பிள்ளையாருக்கு ஒரு தேங்காய் உடைத்தார். எதற்கு என்று நான் கேட்கவில்லை.

மிருதங்கக்காரர் வீட்டில் நாங்கள் உட்கார்ந்ததும் மாமி முதலில் சொன்னது, "எழுதினவ நானாக்கும்" என்பதுதான். அவருடைய மனைவி கையில் இருந்த காப்பித் தம்ளரை வைக்காமலே உள்ளே திரும்பிப் போய்விட்டார். மாமி லேப்டாப்பைத் திறந்து கடிகாரத்தைக் காட்டினார். அவர்கள் வீட்டுக் கண்ணாடியைக் கேட்டு வாங்கி அதில் படத்தைப் பார்க்கச் சொன்னார். கண்ணாடிக்குள் அவர் சரியாக உட்கார்ந்திருந்தார். பூணூல் இடத்தோளில், வலந்தலை வலக்கையில்.

அவர் கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "அப்போ நான் மறக்கலையா?" என்றார்.

"மறக்கலை."

"பூணலைச் சரியாப் போட்டுண்டுதான் போனேனா?"

"சரியாத்தான் போட்டுண்டேள். தப்பு எங்க பக்கம்."

"மறக்கலை" என்று தனக்குத்தானே இன்னொரு தடவை சொல்லிக்கொண்டார். அப்பாவின் படம் மாட்டியிருந்த சுவர்ப் பக்கம் திரும்பிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அந்த மனுஷருக்குக் கல்யாணங்கள் போனதைவிட, மறந்துவிட்டோமே என்பதுதான் இத்தனை நாள் உறுத்தியிருக்கிறது. நான் போட்ட சிவப்பு வட்டம் நினைவுக்கு வந்தது. எங்கே பார்ப்பது என்று தெரியாமல் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கொஞ்ச நேரத்தில் அவர் மனைவி காப்பியோடு திரும்பி வந்தார்.

அந்த வாரம் மாமி எழுதியதுதான் அவர் எழுதியதிலேயே சிறந்தது என்பேன். முழுக்கத் தன்னைப் பற்றியே. "முன்வரிசையில் உட்கார்ந்திருப்பவர் எக்ஸ்ரே எடுப்பவர். வலது எது, இடது எது என்று சொல்வதற்காகவே சம்பளம் வாங்குபவர். முழங்காலைத் தொண்டை என்ற டாக்டரைப் பார்த்துச் சிரித்தவர். அந்த டாக்டராவது நடிகர். இவர் நிஜம்" என்று தொடங்கும். சிரிக்காமல் படிக்க முடியாது, சிரித்துவிட்டு சும்மா இருக்கவும் முடியாது. ஆனால் விளக்கத்தை யார் போனில் அனுப்புகிறார்கள்? படம் போன தூரத்தில் கால்வாசிகூட அது போகவில்லை. தொடர்காரர்களுக்கும் எழுதினோம், பதில் இல்லை.

"எழுதினதை எழுத்தால மட்டும் சரிபண்ண முடியாது போல இருக்கு" என்று மாமி அடுத்த ஞாயிறு பஜனை மடத்துக்குக் கிளம்பினார். ராதா கல்யாணத்துக்கு ஏற்பாடு செய்யும் கூட்டம். நானும் பின்னால் போய்க் கதவோரம் நின்றேன்.

செகரட்டரி மாமா விளக்கத்தைப் படித்திருந்தார். "செரிதான் மாமி, அவர் மேல தப்பில்லைன்னு எனக்கும் மனசிலாச்சு. ஆனாலும் ராதா கல்யாணம் மங்கள காரியம். ஜனங்கள் ஒண்ணு பறஞ்சா பறஞ்சதுதான். இந்த வருஷம் ஒண்ணு கழியட்டுமே. திருப்பிக் காட்டினா, மாட்டினா, இதெல்லாம் ஆருக்குப் புரியும்?"

"உங்களுக்குப் புரியறதோ?"

"எனக்கே பாதிதான் புரிஞ்சுது."

மாமி கொஞ்சம் யோசித்தார். செகரட்டரி மாமா உடம்பு முழுக்கப் பரிசோதனை செய்துகொண்டு வந்த கதையைத் தெருவில் கேட்காதவர் கிடையாது. அந்த நெஞ்சுப் படம் வீட்டில் இருக்கிறதா என்று மாமி கேட்டார். பக்கத்து வீடுதான். பெருமையாகவே போய் எடுத்து வந்தார். மாமி அதை ஜன்னல் வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பிடித்தார். மூலையில் இருந்த எழுத்தைக் கட்டைவிரலால் மறைத்துக்கொண்டிருந்ததை நான் மட்டும் பார்த்தேன்.

"இதோ இந்த வெள்ளையா தெரியறதே, இதாக்கும் உங்க ஹார்ட்." படத்தை இன்னும் கொஞ்சம் தூக்கினார். "வலப்பக்கம்னா இருக்கு? இது எப்போலேந்து?"

செகரட்டரி மாமாவின் கை தானாக நெஞ்சுக்குப் போயிற்று. முதலில் இடப்பக்கம், பிறகு வலப்பக்கம். "வலப்பக்கமா? டாக்டர் ஒண்ணும் பறயலையே! மாமி, ஆபத்தோ?" கூட்டத்தில் எல்லாரும் எழுந்து வந்துவிட்டார்கள். அவருக்கு உட்கார நாற்காலி போட்டார்கள். ஒருவர் தண்ணீர் கொண்டுவந்தார்.

மாமி படத்தை மெதுவாக மறுபக்கம் திருப்பினார். கட்டைவிரலை எடுத்தார். எழுத்து நேராகத் தெரிந்தது.

"இப்போ இடப்பக்கம் வந்துடுத்து. உங்க ஹார்ட் அங்கேயேதான் இருந்தது மாமா. நான்தான் திருப்பிப் பிடிச்சேன். ஒரு நிமிஷத்துல உங்களுக்கு இப்படி வேர்க்கறதே. அவர் ஒரு மாசமா இதே மாதிரி நெஞ்சைத் தொட்டுப் பாத்துண்டிருக்கார்."

பின்னால் யாரோ சிரிப்பை அடக்க முடியாமல் இருமினார். செகரட்டரி மாமா தண்ணீரை முழுக்கக் குடித்தார்.

"இன்னொண்ணும் சொல்லணும்" என்றார் மாமி. "அந்த முன்வரிசை நானாக்கும். நீங்கோ எனக்கே அனுப்புவேளே, அது."

நான் கதவைப் பிடித்துக்கொண்டேன். ஒன்றரை வருஷம் காப்பாற்றிய ரகசியம். அந்தத் தெருவில் அதற்குப் பிறகு யாரும் மாமியிடம் கவலையில்லாமல் பேச மாட்டார்கள், எதை எழுதிவிடுவாரோ என்று இருக்கும். அது அவருக்கும் தெரியும். செகரட்டரி மாமா மாமியையும் தன் எக்ஸ்ரே படத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இதையும் எழுதிடுவேளோ?" என்றார்.

"அது நீங்கோ எந்தப் பக்கம்ங்கறதைப் பொறுத்தது."

முதலில் சிரித்தது செகரட்டரி மாமாதான். ஸ்ரீவராகத்துக்கு அப்போதே போன் போட்டார். முன்பணம், தேங்காய் பழத்தோடு தானே நேரில் வருவதாகச் சொன்னார்.

ராதா கல்யாணத்தன்று மாமி முதல் தடவையாக லீவு போட்டார். வாசிக்க உட்காருவதற்கு முன் மிருதங்கக்காரர் எங்களிடம் வந்தார். மாமி கைப்பையைத் திறந்து அந்த ஈய எழுத்தை எடுத்தார். ஆர். இருபத்துநாலு வருஷம் எத்தனையோ பேருடைய கைகளுக்கும் கால்களுக்கும் பக்கத்தில் இருந்த எழுத்து. ஓரமெல்லாம் தேய்ந்திருந்தது.

"இதை வலந்தலைப் பக்கம் வார்ல கட்டிக்கோங்கோ. இனிமே எவன் திருப்பினாலும் எழுத்து காட்டிக்கொடுத்துடும்."

"ஆஸ்பத்திரிக்கு வாண்டாமா மாமி?"

"வேற வாங்கிக்கறேன். இது ஒரு தடவை என் கையில இருந்தும் பிரயோஜனப்படலை. உங்ககிட்ட இருக்கட்டும்."

அவர் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, அங்கேயே உட்கார்ந்து வாரில் கட்டினார். அன்றைக்கு அவர் வாசித்ததைப் பற்றி எழுத எனக்கு ஞானம் போதாது. மாமி தூணில் சாய்ந்து, முதலில் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, பிறகு கண்ணை மூடிக்கொண்டார்.

அந்தத் தொடர் அதற்கப்புறம் சீக்கிரமே முடிந்துவிட்டது. நான் கோயம்புத்தூருக்கு வந்து ஆறு வருஷம் ஆகிறது. இதழ் நின்றுவிட்டது. மாமி வேலையை விட்டுவிட்டுப் பூனாவில் மகள் வீட்டில் இருக்கிறார். போன மாதம் நண்பர் ஒருவர் ஏதோ கல்யாணக் கச்சேரியின் வீடியோ அனுப்பினார். பாடகரைத்தான் பார்க்கச் சொன்னார். ஓரத்தில் மிருதங்கம் வாசிப்பவரைக் கண்டதும் எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. முடி நரைத்திருந்தது. அவரேதான், கல்யாண மேடையில். வீடியோவை நிறுத்திப் பெரிதாக்கினேன். வலந்தலைப் பக்கம் வாரில் சின்னதாக அந்த எழுத்து. நேராக இருந்தது.

மாமிக்கு அனுப்பி, எழுத்து சரியான பக்கம் இருக்கிறது, நன்றாகப் பார்த்துவிட்டேன் என்று எழுதினேன். பதில் குரலில் வந்தது.

"பாத்தாச்சோன்னோ? மதி, போதும். இனிமே கண்ணை மூடிண்டு ஒரு தடவை கேளுங்கோ எடிட்டர் சார்."

வீடியோவை மறுபடி ஓடவிட்டு, போனை மேஜைமேல் கவிழ்த்து வைத்துவிட்டுத் தரையில் படுத்துக் கண்ணை மூடிக்கொண்டேன்.